ஆறடி தள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

கும்மிடிப்பூண்டியிலிருந்து எழில் வணக்கத்துடன் எழுதுவது. உன் கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

ஊரடங்கு தளர்ந்து எங்கள் ஜிம்மைத் திறந்துவிட்டோம். எல்லா ஜன்னலும் திறந்தே கிடக்கிறது. ஆளுக்கு ஆள் ஆறடி இடைவெளி. தரையில் கோடு போட்டவனே நான்தான்.

நேற்று பக்கத்து அறை ஜோசப் அண்ணன் வந்தார். மாதக்கணக்கில் சும்மா இருந்த கை என்று யோசிக்காமல், பழைய எடையையே கம்பியில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் படுத்துத் தூக்கும்போது தலைமாட்டில் நின்று கம்பியைத் தாங்க வேண்டியது டிரெய்னரான என் வேலை. பாதியில் கம்பி அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. "எழிலு, புடிபா" என்றார். நான் கோட்டைத் தாண்டவில்லை. அவரே கம்பியை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளி எழுந்தார். வெறும் சிராய்ப்புதான், பயப்படாதே. இன்று முதல் எல்லோருக்கும் பாதி எடைதான்.

ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, என் அறைக்குள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் அவர்தானம்மா.

கம்பி துடைக்க உன் பழைய சேலை ஒன்று கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜிம் திறக்க நேரமாகிறது. இன்று காலையும் அண்ணன் நாஷ்டா கொண்டுவந்தார். வாசலில் வைத்துவிட்டு ஆறடி பின்னால் போய் நின்றுகொண்டு சொன்னார்: "நீ பயப்படாம துன்னுபா. நான் கிட்ட வரமாட்டேன்."

உன் மகன்,
எழிலரசன்