சூப்பர்வைசர் மேடம் சொன்ன இங்கிலீஷ்

அன்புள்ள அத்தாவுக்கு மெஹ்ரீனின் ஸலாம். முட்டிவலி தேவலையா? வில்லியனூர் கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்காதீர்கள். இதைப் போனில் சொன்னால் உம்மா என் குரலிலேயே என் கஷ்டத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நர்ஸ் வேலை என்று சொல்லித்தானே ஷார்ஜாவுக்கு அழைத்தார்கள்? ஆஸ்பத்திரியின் சலவை அறையில்தான் போட்டிருக்கிறார்கள். வார்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். பிச்சை கேட்டு வந்தவர்கள் பிடித்ததைப் பொறுக்கி எடுக்க முடியாது என்று இங்கிலீஷில் சொல்வார்களே, சூப்பர்வைசர் மேடம் அதைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். மறுநாள் அவரிடம் போய், "நான் பிச்சைக்கு வரல மேடம், படிச்சிட்டு வேலைக்கு வந்தேன்" என்றேன்.

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றதும்மா" என்றார். இன்னும் சலவை அறையில்தான் இருக்கிறேன்.

சோப்புத்தூளில் கை வெடிக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.

தங்கச்சி ஷமீமாவுக்கு வந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடிக்கவில்லையாம். "வந்தத வுட்டா வேற எங்க வரப்போவுது" என்று நீங்கள் அதட்டியதாக உம்மா சொன்னார்கள். அவளிடம் அப்படிச் சொல்லாதீர்கள், அத்தா.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

மெஹ்ரீன்