மூன்றாவது ஊசி இனி வேண்டாம்

வுகாஷின் அண்ணா,

ஏழு மணிப் பேருந்தில் நோவி சாத் போகிறேன், பல்கலைக்கழகத்தில் வகுப்பு. இன்று பதினொரு மணிக்கு உன் முழங்காலுக்குப் போடவிருந்த ஊசியை நேற்றிரவே ரத்து செய்துவிட்டேன்.

நேற்று உன் கோல்கீப்பர் கால்சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் வலி மாத்திரை அட்டை இருந்தது. பத்தில் ஆறு காலி. உன் ரத்தத்தையே எடுத்து, அதிலுள்ள தட்டணுக்களைப் பிரித்துப் போடும் ஊசி அது. அதற்கு முன் ஒரு வாரம் அந்த மாத்திரையைத் தொட்டால் தட்டணுக்கள் செயலிழந்துவிடும் என்று மருத்துவர் நம் இருவரிடமும் சொல்லியிருந்தார். அதனால்தான் கத்தினேன்.

"உன் ரத்தத்தையே ஏமாத்துறியே, வெக்கமா இல்ல?"

"பேராசிரியரம்மா, சனிக்கிழமை கடைசி ஆட்டம், கோல்ல நான் நிக்கணுமா, உன் தட்டணு வந்து நிக்குமா?" என்று சிரித்தாய். நான் கதவை அறைந்தேன்.

ஆனால் ஏமாற்றியவள் நான்தான். உன் ஸ்கேன் அறிக்கை திங்கட்கிழமையே வந்துவிட்டது. இரண்டு ஊசிகளுக்குப் பிறகும் குருத்தெலும்பு சிறிதும் தேறவில்லை. மூன்றாவதாலும் தேறாது என்று எழுதியிருக்கிறார்கள். அதை ரொட்டிப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். இந்த ஊசியாவது பலிக்கும் என்று நீ நம்புவதாக எண்ணி, அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற நினைத்தேன். நீயோ ஊசியை எப்போதோ கைவிட்டுவிட்டுத்தான் மாத்திரை போட்டிருக்கிறாய்; அந்த நம்பிக்கை எனக்கு மட்டுமே இருந்திருக்கிறது.

சனிக்கிழமை உன் கடைசி ஆட்டத்துக்கு வருவேன். கோலுக்குப் பின்னால் உட்காருவேன்.

அஞ்செலியா

பி.கு.: அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது, ஐவார் குடமிளகாய்த் துவையல் புட்டியைத் திறந்து வைத்திருக்கிறேன். மாத்திரை அட்டை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில். மீதி நான்கும் அப்படியே இருக்கின்றன. வெறும் வயிற்றில் மட்டும் போடாதே.