நாங்க புழிஞ்ச எலுமிச்சம்பழம்

கவுனி அரிசி ஊறப்போட்ட பாத்திரத்தின் மூடியை இன்று காலை திறந்தேன். தண்ணீர் கருஞ்சிவப்பாக நின்றது. உடனே உன் ஞாபகம்தான். மற்றவர்களுக்கு அது இனிப்புச் செய்கிற அரிசி. நம் இருவருக்கு மட்டும் அது வெயிலைப் பிடிக்கிற சாயம்.

காரைக்குடி ஆய்வகத்தில் நமக்கு ஒரே மேசை. கண்ணாடித் துண்டின் மேல் துத்தநாக ஆக்சைடை மெல்லிய படலமாக வளர்ப்பது உன் ஆய்வு. சூடான கரைசலில் கண்ணாடியைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பாய். வெள்ளையாகப் படிந்துவிட்டால் போதும், "ஏடி, இங்குட்டு வந்து பாரு, பாலாடை கணக்கா படிஞ்சிருக்கு" என்று கூப்பாடு போடுவாய். அந்தப் படலம் சாயத்தை உறிஞ்சிக்கொண்டால்தான் வெயிலில் மின்சாரம் தரும். சாயத்துக்கான கவுனி அரிசி கீழச்சிவல்பட்டியில் உன் வீட்டிலிருந்து வரும்.

ஒரு தடவை, மறுநாள் உன் ஆய்வைப் பார்க்க மதிப்பாய்வுக் குழு வருவதாக இருந்தது. ஒரு சூரிய மின்கலமாவது வேலை செய்யாவிட்டால் உன் தலைப்பையே மாற்றிவிடுவார்கள். கையில் இருந்ததோ ஒரே ஒரு நல்ல படலம். அதைச் சாயத்தில் போட்டுவிட்டு நீ சாப்பிடப் போனாய். நிறம் மங்கலாக இருக்கிறதே என்று, சர்பத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் பாதியை நான் பிழிந்துவிட்டேன். சாயம் பளிச்சென்று சிவந்தது. எனக்கு ஒரே பெருமை.

நீ வந்து எடுத்தபோது வெறும் கண்ணாடி. அமிலம் பட்டால் துத்தநாக ஆக்சைடு கரையும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? அந்த நேரம் உறைக்கவில்லை. அழுதேவிட்டேன். நீ கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். "நல்லா வெளக்கி வச்சிருக்கடி. எங்க வீட்டுப் பாத்திரத்தையும் அனுப்பட்டுமா?"

மறுநாள் அந்த வெறுங்கண்ணாடியைத்தான் குழுவின் முன் வைத்தாய். "ஐயா, நாங்க எலுமிச்சம்பழம் புழிஞ்சோம், கரைஞ்சு போச்சு. நீங்க சரின்னு சொன்னீகன்னா, எந்தச் சாயத்துல எவ்வளவு நேரம் தாங்குதுன்னு அளந்துருவோம்." குழுத் தலைவர் சிரித்தபடியே தலையாட்டினார். தலைப்பு பிழைத்தது.

வெளியே வந்ததும், "புழிஞ்சது நான்தானே, யாருடி 'நாங்க'?" என்று கேட்டேன்.

"ஒரே மேசைதானடி" என்றாய்.

நீ கண்மூடி இரண்டு வருடம் ஆகிறது. மனசு உன்னைத் தேடாத நாள் இல்லை. ஆனாலும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. இன்னமும் நம் மேசையில்தான் வைத்திருக்கிறேன். போன வாரம் ஆய்வகத்தைப் பார்க்க வந்த ஒருவர் அதைக் கையிலெடுத்து, "இது யார் செஞ்சது?" என்றார்.

"நாங்க" என்றேன்.

அவர் என் பக்கத்தில் இன்னொருவரைத் தேடினார்.