ஒற்றைக் கையுறை

வெல்ஸ்பரோ துறைமுகம்,
3 நவம்பர் 1774

அன்புள்ள தாம்சின் அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் எஸ்ரா அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டி கெசியாவுக்கு இருமல் நின்றதா? மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஊருக்கெல்லாம் பாலாடைக்கட்டி செய்து கொடுக்க நேரமிருக்கிறது, தம்பிக்கு எழுத மட்டும் இல்லை.

லண்டன் கப்பல் வந்துவிட்டது. ஆறு பெட்டி கறுப்பு ஆட்டுத்தோல் கையுறை. பெட்டி இறங்கின அன்றே செய்தியும் இறங்கியது. பிலடெல்ஃபியாவில் கூடின பெரியவர்கள், இனி சாவு வீட்டில் கையுறை கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்களாம். இங்கிலாந்து ராஜாவோடு வரிச் சண்டை, சரி. செத்தவன் என்ன செய்தான்?

அப்பா செத்தபோது, சாவுக்கு அழைக்க வீட்டுக்கு வீடு ஒரு ஜோடி அனுப்ப நமக்கு வக்கில்லை. கையுறை வராத சாவுக்கு யார் வருவார்கள்? சவப்பெட்டியை நீ, நான், போதகர், கூலிக்கு வந்த ஒருவன், நாலு பேர் தூக்கினோம். மீன் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்த நான் இந்தச் சரக்கில் இறங்கியது அதனால்தான். எந்த வீட்டிலிருந்து கையுறை வந்தாலும், மழையோ பனியோ, போய் நிற்பேன். இன்றுவரை தவறியதில்லை.

உனக்கு ஒரு ஜோடி இதோடு அனுப்புகிறேன். மணிக்கட்டில் உன் பெயர் தைத்திருக்கிறது. சாவுக்கு வேண்டாம், குளிருக்குப் போட்டுக்கொள்.

உன் தம்பி,
ஜாபெஸ்

---

நார்த்ஃபோர்டு,
12 டிசம்பர் 1774

என் தம்பி ஜாபெஸுக்கு,

இதை, என் பாலாடைக்கட்டியை உன் ஊருக்கு ஏற்றிவரும் ஏனோக்கின் வண்டியில், கூடைக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். காரணம் இருக்கிறது. உன் கடிதம் பிரித்துத்தான் என் கைக்கு வந்தது. உன் அத்தான் இப்போது, அந்தத் தடையை யார் மீறுகிறார்கள் என்று பார்க்கும் ஊர்க் கமிட்டிக்குத் தலைவர்.

"உன் தம்பி நல்லாத்தான் எழுதறான்," என்றார். "கமிட்டியில படிச்சுக் காட்டினேன். செத்தவன் என்ன செஞ்சான்னு கேட்டிருக்கான் பாரு, அங்க எல்லாரும் சிரிச்சாங்க."

"சிரிச்சாங்கன்னா நல்லதுதானே?"

"நான் சிரிக்கல."

சைலஸ் டோவை உனக்குத் தெரியும், ஆணியும் பூட்டும் விற்பவன். இங்கிலாந்துச் சரக்கை விற்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட மறுத்தான். போன வாரம் அவன்மேல் சூடான தாரை ஊற்றி, இறகைக் கொட்டி ஒட்டினார்கள். அதற்கு முன்னால் வீடு வீடாக வந்து இறகுத் தலையணை கேட்டார்கள். நானும் ஒன்று கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியுமா, சொல். மூன்றாம் நாள் அவன் செத்துப்போனான். கெசியா இன்னும் வேலியோரம் இறகு பொறுக்கிக்கொண்டு வருகிறாள். அவள் இருமல் நிற்கவில்லை.

நேற்று எஸ்ரா இன்னொரு தலையணையையும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டுவிடு தம்பி. தோல் தானே. உன் தோலைவிடப் பெரிதா?

அக்கா,
தாம்சின்

---

வெல்ஸ்பரோ துறைமுகம்,
20 ஜனவரி 1775

அக்காவுக்கு,

ஏனோக் கொண்டுவரும் கடைசிக் கடிதம் இது. கூடையைக் கிளறுகிறார்களாம், இனிக் காகிதம் தொட மாட்டேன் என்கிறான். நீயும் எழுதாதே. அவசரமென்றால் ஏதாவது ஒரு பொருளை அனுப்பு, புரிந்துகொள்வேன். கடைக்குள் நுழைகிறவன் வாங்குவானா மாட்டானா என்று அவன் வாசல் மிதிக்கும்போதே சொல்கிறவன் நான்.

கையெழுத்துப் போட மாட்டேன். தடைக்கு முன்னால் வாங்கின சரக்கு. சனிக்கிழமை இருபது பேர் கடை முன்னால் நின்றார்கள்.

"ராஜா எப்படி இருக்காரு, ஜாபெஸ்?" என்றான் ஒருவன்.

"தெரியலைய்யா. எங்கிட்ட அவர் இன்னும் ஒரு ஜோடிகூட வாங்கினதில்ல."

பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். சிரிக்கிறவன் அடிக்க மாட்டான். சிரிக்காத மீதிப் பேரைத்தான் பார்த்து வைத்துக்கொண்டேன். கமிட்டிகளின் கை எட்டாத ஹாலிஃபாக்ஸுக்குப் போகிற கப்பல் ஒன்று மார்ச் கடைசி வரை துறையில் நிற்கும். மாலுமியிடம் பேசி வைத்திருக்கிறேன். நிலைமை முற்றினால் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுவேன். கவலைப்படாதே.

கெசியாவுக்குத் தேனும் வெங்காயச் சாறும் கொடு.

ஜாபெஸ்

---

வெல்ஸ்பரோ துறைமுகம்,
செவ்வாய், 14 மார்ச் 1775

அக்கா,

கையுறை வந்தது.

இதில் மறைக்க ஒன்றுமில்லை, அதனால் தபால் குதிரையிலேயே அனுப்புகிறேன். யார் பிரித்தாலும் பிரிக்கட்டும். உன் பெயர் தைத்த கையுறை. புதிது வாங்கத் தடை என்பதால் நான் தந்ததையே எனக்கு அனுப்பியிருக்கிறாய். அது புரிந்தது. செத்தது யார் என்பதுதான் தெரியவில்லை.

"அக்கா என்னடா சொன்னாங்க?" என்று ஏனோக்கைக் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலீங்க. கொடுத்தாங்க. அழுதாங்க."

"இன்னொரு கையுறை எங்க?"

"ஒண்ணுதாங்க கொடுத்தாங்க."

"வழியில தொலைச்சிட்டுக் கதை விடாதடா. ஒத்தைக் கையுறைய யாருடா அனுப்புவா?"

வலது கைக்குக் கடைப்பெட்டியிலிருந்து ஒன்று எடுத்து ஜோடி சேர்த்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் இன்றுதான் ஒரு ஜோடியைப் பிரித்தேன்.

அத்தானா? அப்படியென்றால் எங்களுக்குள் இருந்ததெல்லாம் அவரோடு போகட்டும், பெட்டியைத் தூக்க என் தோள் வரும். கெசியாவா? எழுதவே கை வரவில்லை. நாளைக் காலை கிளம்புகிறேன். வியாழன் மாலைக்குள் வந்துவிடுவேன், அதுவரை அடக்கம் செய்யாதே. கறுப்புக் கோட்டு மட்டும்தான் எடுத்து வருகிறேன். துக்க வீட்டுக்குத் துப்பாக்கி எதற்கு?

ஜாபெஸ்

---

நார்த்ஃபோர்டு,
புதன், 15 மார்ச் 1775

ஜாபெஸ்,

யாரும் சாகவில்லை. கெசியா நன்றாக இருக்கிறாள், முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றைத்தானே அனுப்பினேன். ஜோடியாக வந்தால்தான் சாவு. ஒற்றையாக வந்தால், சாவு இன்னும் வரவில்லை, வருகிறது, கப்பலேறு என்று படித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ எல்லாவற்றையும் படித்துவிடுகிறவன் ஆயிற்றே. ஜோடி சேர்த்தாயாடா, பாவி.

இன்று காலை பதினொரு பேர் உன்னைப் பிடிக்கக் கிளம்பினார்கள். எஸ்ரா முன்னால் போனார். ஏனோக் உன் ஊரிலிருந்து இன்னும் திரும்பவில்லை, வேறொரு வண்டியை ஓட்டிப்போனார்கள். வண்டியில் தார்ப் பீப்பாய், அதன்மேல் என் இரண்டாவது தலையணை. நீ இந்நேரம் கடலில் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு வழிக்கு ரொட்டிகூடக் கட்டிக் கொடுத்தேன்.

"எதுக்கு இத்தனை ரொட்டி?" என்றார் எஸ்ரா.

"போன காரியம் நடக்கலேன்னா பசிக்குமில்ல," என்றேன். உள்ளுக்குள் சிரித்தேன், தம்பி. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

அவர்கள் போய் மத்தியானம் ஆன பிறகு உன் கடிதம் வந்தது. எஸ்ரா தலைவரான பிறகு தபாலில் பிரிக்காமல் என் கைக்கு வந்த முதல் கடிதம்.

இங்கிருந்து உன் ஊருக்கு ஒரே பாதை. அங்கிருந்து நீ வருகிறாய். தபால்காரன் வடக்கே போய்விட்டான். ஊரில் ஒரு குதிரை மிச்சமில்லை. இதை எடுத்துப்போக ஆளில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன். எழுதி முடிக்கும்வரை நீ உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறது.

கெசியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டேன். வலது கையுறை என்னிடம்தான் இருந்தது. போட்டுக்கொண்டேன். நடக்கப் போகிறேன்.

அப்பாவின் பெட்டியைத் தூக்க நாலு பேராவது இருந்தோம்.

தாம்சின்