முதல் ஐந்து நிமிடம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று போனில் சொன்னீர்கள். இனி அதை அப்படியே நம்புவதாக இல்லை. அதனால்தான் கடிதம். போன் என்றால் நான் மூச்சுவிடாமல் பேசுவேன், நீங்கள் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுவீர்கள்.

செவ்வாய்க்கிழமை உங்கள் அக்காவைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு நம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அறை வாசலில் கண்ணாடி போட்ட அந்த சிஸ்டர், "முதல் அஞ்சு நிமிஷம் பேஷன்ட் மட்டும்தாம்மா, அப்புறம் நீங்க வாங்க" என்று என்னை நிறுத்திவிட்டாள். அக்காவின் மாத்திரைப் பெயரெல்லாம் எனக்குத்தான் மனப்பாடம் என்றேன். "தெரியும்மா, உக்காருங்க" என்றாள். உங்கள் அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

உட்கார்ந்த இடத்துக்கு எதிரே ஒரு பலகை. உங்களைப் போல அங்கே படுத்து எழுந்து போனவர்களை மாதம் ஒருமுறை கூட்டமாக வரவழைத்துப் பேசச் சொல்கிறார்களாம், நடத்துவது அந்த சிஸ்டர்தானாம்; அவர்கள் சொன்னதையும் அதனால் மாற்றியதையும் பெயர் போடாமல் ஒட்டியிருந்தார்கள். ஐந்து நிமிட விதிக்குக் காரணமானவர் சொன்னது இது: "டாக்டர் கேள்வி கேட்டா என் மனைவிதான் பதில் சொல்லுவா. தலைசுத்தல் இல்லைன்னு சொன்னா. நான் பாத்ரூம் குழாயப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். சொன்னா பயந்துடுவாளேன்னு சும்மா இருந்துட்டேன். தலைய சுத்த வச்ச அதே மாத்திரைய ரெண்டாக்கிட்டாங்க."

பெயர் எதற்கு? அந்தக் குழாய் ஆடுகிறது என்று பிளம்பரை மூன்று முறை வரவழைத்துத் திட்டியவள் நான். "யாரோ பிடிச்சுத் தொங்கறாங்கம்மா" என்றார். எங்கள் வீட்டில் என்ன குரங்கா இருக்கிறது என்று கேட்டேன். நீங்கள் பேப்பருக்குப் பின்னால் இருந்தீர்கள்.

போன தடவை வந்தபோது செக்கப் என்று கிளம்பினீர்களே, இந்தக் கூட்டத்துக்குத்தானா? சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பியதும் நானே.

எனக்குப் பொறாமை. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. அந்த சிஸ்டர் சின்ன வயசுக்காரியாக, அழகாக இருந்தால்கூட மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். என் வயதுதான், என்னைப் போலவே செருப்பைத் தேய்த்து நடக்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் எனக்குக் கிடைக்காத நாலு வார்த்தையை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வாங்கிவிட்டாள். எப்படி வாங்கினாய் என்று கேட்டே விட்டேன். "நாங்க ஒண்ணும் பண்ணலம்மா, அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் சும்மா இருந்தோம்" என்றாள். பஸ்ஸில் வீடு வரும்வரை மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். சும்மா இருப்பதெல்லாம் ஒரு வேலையா?

வேலைதான் போலிருக்கிறது. டாக்டரிடம் தனியாக என்ன சொன்னார் என்று உங்கள் அக்காவைப் பத்து தடவை கேட்டேன், அசையவில்லை. நேற்று வெங்காயம் உரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். பாதி வெங்காயம் முடிவதற்குள் அவராகவே, "பாதம் மரத்துப் போகுதுடி, மூணு மாசமா" என்றார். மூன்று மாதமாக அவருக்குச் செருப்பு எடுத்து வைப்பதும் நான்தான்.

குளியலறையில் சுவரோடு ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லிவிட்டேன். பிளம்பரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. ஆனால் நீங்கள் இப்போது நிற்பது குளியலறையில் இல்லை. ஆற்றுக்கு மேலே, பாலத்து வேலைச் சாரத்தில். அங்கே பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

தலைசுற்றல் இன்னும் இருக்கிறதா?

நான் பயப்படுவேன் என்று பார்க்காதீர்கள். பயந்துவிட்டுப் போகிறேன், அதில் என்ன? உங்களுக்காகப் பயப்படும் உரிமையையும் அந்த சிஸ்டருக்கே கொடுத்துவிடாதீர்கள். நம் முகவரி எழுதிய உறையும் இரண்டு வெற்றுத்தாளும் இதோடு வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்புங்கள்; கடிதத்தில் நான் குறுக்கே பேச முடியாது. அதுவரை தயவுசெய்து சாரத்தில் ஏறாதீர்கள்.

வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும்,
உங்கள் மனைவி