தடியனின் எடை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அங்கே குளிர் குறைந்ததா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

முதலில் நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன செல்லப்பிள்ளையைப் பற்றி. இரண்டு மாதத்துக்கு முன் தடியனுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு இரைத்தது. நாய் டாக்டரம்மா அவன் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, எலும்பே கையில் தட்டவில்லை, இப்படியே போனால் நெஞ்சு தாங்காது என்றார். நீங்கள் ஊட்டுவது பாசமில்லைம்மா, பகை என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து அவன் சாப்பாடு டம்ளர் அளவுதான். பிஸ்கட் டப்பா பரணுக்குப் போய்விட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வேகவைத்த கேரட். அவன் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, என் மாமியார்கூட அப்படிப் பார்த்ததில்லை.

எடை பார்ப்பது அப்பா பொறுப்பு. தடியன் வீட்டு மெஷின் மேல் நிற்க மாட்டான் என்று உனக்குத் தெரியும். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பார், நான் குனிந்து எண்ணைப் படிப்பேன், அவர் தன் எழுபத்திரண்டைக் கழித்துச் சொல்வார். பல வருஷமாக அந்த எழுபத்திரண்டு மாறவில்லை என்பதில் அவருக்கு உள்ள பெருமை ஊரறிந்தது. வாராவாரம் எண் இறங்கியது. ஆறு கிலோ போயிற்று என்று எதிர்வீட்டு அக்காவிடம் பீற்றிக்கொண்டேன். போன வாரம் தூக்கும்போது அப்பாவின் கை நடுங்கியது. நாய் இளைக்க இளைக்க உங்களுக்கு ஏன் கனக்கிறது என்று கிண்டல் செய்தேன்.

நேற்று நானும் தடியனுமாக டாக்டரம்மாவிடம் போனோம். அப்பா தலைவலி என்று வரவில்லை. அங்கே தரையோடு தரையாக ஒரு பெரிய மெஷின் இருக்கிறது, அதில் தடியன் தானாகவே போய் நின்றான். ஒரு கிலோகூடக் குறையவில்லை, வீட்டில் வேறு யாராவது போடுகிறார்களா என்று டாக்டரம்மா கேட்டார். உங்கள் மெஷின்தான் கெட்டுப்போயிருக்கும் என்று சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகத் தானே ஏறி நின்று, மெஷின் சரியாக இருப்பதைக் காட்டினார்.

நடந்து வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. தடியன் குறையவில்லை என்றால் அந்த ஆறு கிலோ யாருடையது?

வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, சமையலறைக் கதவோரம் நின்று பார்த்தேன். தட்டில் இருந்ததில் பாதிக்கு மேல் மேஜைக்கு அடியில் போனது. தடியன் சத்தமே போடாமல் வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் பழகிய கள்ளர்கள். பிறகு தட்டைக் கொண்டுவந்து வைத்து, இன்னிக்கு வயிறு நிறைஞ்சுடுச்சு என்றார். காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவருக்குக் கழித்தலில் தப்பு வருமா? அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

மெஷினில் தனியாக ஏறுங்கள் என்றேன். நாளைக்குப் பாத்துக்கலாம் விடு என்றார். டாக்டரிடம் போவோம் என்றேன், அதற்கும் நாளைக்கு. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார், அதையும் இடைவெளி பிசகாமல் அளந்து போட்டிருக்கிறார். இப்போதும் கூடத்தில் தடியனின் தலையைத் தடவியபடி உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணம்மா.

நீ வந்தால் கேட்பார். நீ சொன்னால் மறுக்க மாட்டார். எதற்கு வந்தாய் என்பார், தடியனைப் பார்க்க வந்தேன் என்றே சொல். வாசலுக்கு வந்து உன் பெட்டியை வாங்கக் கை நீட்டுவார். கொடுத்துவிடாதே.

எல்லோரும் சுகம் என்று நான் எழுதவில்லை, கவனித்திருப்பாய். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வழியில் பட்டினி கிடக்காமல் சாப்பிட்டுக்கொண்டே வா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா