கட்டி விழுந்த பவுடர்

12 மார்ச் 1947, புதன்

இன்றும் முகப் பவுடர் கட்டி கட்டியாகத்தான் விழுந்தது. ஒரு வாரமாக இதே கூத்து. பம்பு அழுத்தித் தரும் காற்று, அரைக்கிற மில்லுக்குள் மாக்கல் தூளைச் சுழற்றியடிக்க வேண்டும். தூளும் தூளும் மோதி மாவாக உதிர வேண்டும். எனக்கோ தினமும் குழாய் அடைத்துக்கொள்கிறது. திறந்தால் உள்ளே பிசைந்த மாவு.

தூளைச் சரியாகக் காயவைக்கவில்லை என்று அந்த வேலை பார்க்கும் அந்தோணியைத் திங்களன்று திட்டினேன். "கைய வச்சுப் பாருங்கண்ணே, சுடுது" என்றான். நான் வைத்துப் பார்க்கவில்லை. நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

இன்று காலை தூளை நானே வெயிலில் காயவைத்தேன். அப்படியும் அடைத்தது. எரிச்சலோடு கொட்டகைக்குப் பின்னால் போனேன். வைகை காய்ந்து கிடக்கிற மாதத்தில், பெருக்குகிற ராக்காயி குடம் குடமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அதுவும் பம்பு காற்றை இழுக்கிற வாய்க்கு நேர் கீழே! அந்த ஈரம்தான் காற்றோடு மில்லுக்குள் போயிருக்கிறது.

"யாரு இங்க தெளிக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

"நீங்கதான சொன்னீக? புழுதி பம்புக்குள்ள போகுது, நாலு வேளையும் தெளின்னு போன வாரம் சொன்னீகளே!"

குடத்தை வாங்கி ஓரமாக வைத்தேன்.

தரை காய்ந்த பிறகு, மாலையில் பவுடர் பூவாக இறங்கியது. முதலாளி விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"பாத்தியா, அவன அனுப்புன ரெண்டே நாள்ல சரியாயிருச்சு" என்றார்.

நானும் தலையாட்டினேன்.